கடலுக்கு வேலி கேட்டவர்

எங்கள் தலவாக்கலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஒரு புறம் கிரேட் வெஸ்டர்ன் மலை. மறு புறம் கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கு. நடுவே அடுக்கடுக்காய்த் தேயிலை. மலைநாட்டில் பிறந்து கடலைக் காணாமலே கண்மூடிய கிழவர்கள் எங்கள் லயங்களில் பலர் உண்டு. ஆயினும் எங்கள் வாழ்வைப் போலக் கடலோடு கட்டுண்ட வாழ்வு வேறில்லை. எங்கள் முன்னோர் கடல் கடந்து வந்தனர். அவர்கள் கிள்ளிய கொழுந்து தூளாகிப் பெட்டியில் அடைபட்டுக் கடல் கடந்து சென்றது. பின்னர் ஒரு காலம் வந்தது. அப்போது எங்களிற் பலரும் கடல் கடந்து அனுப்பப்பட்டனர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பித்தவன் நான். ஆயுதக் குறைப்பு என்னும் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சோர்வு படர்வதைக் கண்டிருக்கிறேன். பீரங்கியும் போர்க்கப்பலும் உடையவர்கள் படிக்க வேண்டிய பாடத்தை, கவ்வாத்துக் கத்தியன்றி வேறு ஆயுதம் அறியாத நாம் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவன் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக அன்று நான் ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொன்னேன். அவர் ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. இலங்கையில் அவர் பெயர் மங்கிவிட்டது. ஆனால் உலகின் கடற்சட்டத்தைப் பற்றிப் பேசுமிடத்து அவர் பெயரைச் சொல்லாமல் எவரும் பேச்சை முடிக்க இயலாது.

அமரசிங்க 1913ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பிறந்தார். கொழும்பு ரோயல் கல்லூரியிலும் பின்னர்ப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். அவர் விரும்பிக் கற்றவை மேலைநாட்டுத் தொல்லிலக்கியங்கள். கிரேக்கரும் உரோமரும் எழுதிவைத்த போர்ச் சரித்திரங்களில் ஊறிய ஒருவர், பிற்காலத்தில் போர்க்கப்பல்களை விலக்கி நிறுத்தும் வழியைத் தேடினார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1937இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். அக்காலத்தில் அச்சேவை, படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கனவு கண்ட பதவி.

அவர் உத்தியோகம் ஏற்ற அந்த வேளையில், உலகம் ஒரு நல்ல ஏற்பாட்டை இழந்து நின்றது. அணுகுண்டு தோன்றுமுன் ஆயுதம் என்றால் துப்பாக்கி, பீரங்கி, டாங்கி, விமானம், போர்க்கப்பல் ஆகியவையே. இன்று இவற்றை மரபுவழி ஆயுதங்கள் என்கிறோம். இவற்றுக்கு ஒப்பந்தத்தால் அளவு வகுக்க முடியும் என்பதை 1922இல் வாஷிங்டனில் கூடிய ஐந்து வல்லரசுகள் காட்டின. பெரும் போர்க்கப்பல்களின் வலிமையில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஐந்தைந்து பங்கு, ஜப்பானுக்கு மூன்று பங்கு என்று விகிதம் குறித்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அது கப்பல் கட்டும் போட்டியைத் தடுத்து நிறுத்தியது. தன் பங்கு குறைவு என்று மனங்குமுறிய ஜப்பான் விலகிக்கொள்ள, 1936ஆம் ஆண்டின் முடிவில் அவ்வேலி வீழ்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் யுத்தம் ஆசியாவுக்கு வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களுக்குப் பின் திருகோணமலையைத் தாக்கின. இலங்கைக்கு ஜப்பானோடு என்ன பகை? ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் கடற்படை நம் துறைமுகங்களில் நின்றது, அதுவே காரணம். பிறருடைய தளம் நம் வீட்டு முற்றத்தில் இருந்தால், பிறருடைய போரும் நம் வீட்டு வாயிலுக்கு வரும். இந்தப் பாடத்தை இளம் அதிகாரி அமரசிங்கவின் தலைமுறை நூலில் படிக்கவில்லை. வானில் கண்டு அறிந்தது.

சுதந்திரத்திற்குப் பின் அவர் ஏறிய படிகள் பல. கல்லோயா அபிவிருத்திச் சபையில் பணி, வாஷிங்டன் தூதரகத்தில் பணி, துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனத்தின் தலைமை, நிறைவில் திறைசேரிச் செயலாளர் பதவி. இவற்றுள் துறைமுகமும் திறைசேரியும் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. எங்கள் மலையில் விளைந்த தேயிலை கொழும்புத் துறைமுகத்தின் வழியே கப்பலேறினால்தான் திறைசேரியில் அந்நியச் செலாவணி சேரும். கடற்பாதை ஒரு மாதம் அடைபட்டால் தீவின் அடுப்பு என்னாகும் என்பதைக் கணக்குப் புத்தகத்தின் மூலம் அறிந்தவர் அவர்.

1963இல் அவர் புதுடில்லியில் இலங்கையின் உயர்ஸ்தானிகரானார். இவ்விடத்தில் அவருடைய சரித்திரம் எங்கள் சரித்திரத்தை உரசிச் செல்கிறது. 1964 அக்டோபர் 30ஆம் நாள், அவர் அப்பதவியில் இருக்கும்போதே, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமையின்றி நின்ற மலையகத் தமிழர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படும். 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. எங்கள் மக்களில் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. இரு நாடுகளும் பகையின்றி ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டதாக உலகம் மெச்சியது. பங்கு பிரிக்கப்பட்ட மனிதருக்கோ அது வேறொன்றாக இருந்தது.

1967இல் அமரசிங்க நியூயோர்க் சென்றார். ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியாக அவர் அமர்ந்த அதே ஆண்டில், மால்டா நாட்டின் தூதர் அர்விட் பார்டோ ஒரு புதுமையான யோசனையை எழுப்பினார்: எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடலின் அடித்தளம் மானிடகுலத்தின் பொதுச் சொத்து, அதை ஆயுதக் கிடங்காக்கக் கூடாது, அதன் செல்வம் எல்லோருக்கும் சேர வேண்டும். இதை ஆராய அமைந்த குழுவின் தலைவராக அமரசிங்க தெரிவானார். வல்லரசுகள் இருவேறு அணியாய் நின்று ஒருவரையொருவர் ஐயுற்ற காலம் அது. சிறிய நாட்டவர், எவருக்கும் அஞ்சாதவர், எவரையும் புண்படுத்தாதவர் ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடத்துக்கு அவர் பொருந்தினார். 1970 டிசம்பரில் பொதுச்சபை அக்கொள்கையைப் பிரகடனமாக ஏற்றது. மறு ஆண்டின் தொடக்கத்திலேயே, கடலடியில் அணு ஆயுதங்களை வைப்பதைத் தடுக்கும் உடன்படிக்கையும் கையொப்பத்திற்கு வந்தது.

கடலின் அடியில் வேலி போட்டாயிற்று. கடலின் மேலே?

பிரிட்டன் சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கேயுள்ள தன் படைகளைத் திரும்ப அழைப்பதாக 1968இல் அறிவித்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மற்றவர்கள் முந்தினார்கள். சோவியத் போர்க்கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் உலவத் தொடங்கின. அமெரிக்காவோ அதற்கு முன்பே ஓரிடம் பார்த்து வைத்திருந்தது. பிரிட்டன் 1965இல் மொரீஷியஸிலிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரித்தெடுத்தது. மறு ஆண்டில் அவற்றை இராணுவத் தேவைக்கு அமெரிக்காவுக்குத் திறந்துவிட்டது. அத்தீவுகளில் மிகப் பெரியது டியாகோ கார்சியா. அங்கே தென்னந்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் வாழ்ந்தனர். 1968க்கும் 1973க்கும் இடையே அவர்கள் அனைவரும் கப்பலேற்றப்பட்டு மொரீஷியஸிலும் சீசெல்ஸிலும் இறக்கப்பட்டனர். தளத்துக்கு இடம் வேண்டியிருந்தது, மக்கள் வேண்டியிருக்கவில்லை.

இதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். தோட்டத் தொழிலாளரைக் கப்பலேற்றி அனுப்பும் காட்சி எனக்குப் புதிதன்று. எழுபதுகளின் நடுவில் என் அத்தை குடும்பம் தலவாக்கலை ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார் போயிற்று. அங்கிருந்து இராமேஸ்வரத்துக் கப்பல். பெட்டி கட்டும்போது அத்தை அம்மிக்கல்லை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அடம்பிடித்ததும், மாமா அதை லயத்து வாசலிலேயே விட்டுப் போனதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. டியாகோ கார்சியாவின் வாசல்களிலும் அப்படி எத்தனை அம்மிகள் கிடந்தனவோ.

1971 அக்டோபர் 12ஆம் நாள் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பொதுச்சபையில் தோன்றி, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று கேட்டார். அக்கோரிக்கையைத் தீர்மானமாக வடித்து, நாடு நாடாகப் பேசி, வாக்கெடுப்பு வரை கொண்டுசென்ற பொறுப்பு அமரசிங்கவுடையது. வல்லரசுகள் இச்சமுத்திரத்தில் தம் படைபலத்தை மேலும் பெருக்காது நிறுத்தவும், போட்டியின் பொருட்டு அமைத்த தளங்களையும் விநியோக நிலையங்களையும் அகற்றவும் கரையோர நாடுகளோடு கலந்து பேச வேண்டும் என்பது அதன் சாரம். வணிகக் கப்பல்களுக்கு வழி எப்போதும்போல் திறந்திருக்கும்.

டிசம்பர் 16ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 61. எதிர்ப்பு ஒன்றுமில்லை. ஆனால் 55 நாடுகள் வாக்களியாமல் ஒதுங்கின. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். எந்தக் கப்பல்களைப் பற்றித் தீர்மானம் பேசியதோ அந்தக் கப்பல்களின் சொந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு வாளாவிருந்தார்கள். அதே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் என்னும் பெரும் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்து நின்றதும் அந்நாட்களில்தான். சமாதான வலயம் என்று பெயர் சூட்டிய வேளையில் அக்கடலில் பீரங்கிகள் திரும்பியிருந்தன.

அந்த ஆண்டில் எனக்கு வயது பதின்மூன்று. டாக்கா விழுந்த செய்தி கடைத் தெருவில் வானொலியில் கேட்டது நினைவிருக்கிறது. தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அதைவிட ஏப்ரல் மாதமே நெஞ்சில் நிற்கிறது. தெற்கே இளைஞர் கிளர்ச்சி வெடித்து, தீவெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலாயிற்று. அதனை அடக்க அரசாங்கம் இந்தியாவிடமும் பாகிஸ்தானிடமும், பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும், சோவியத்திடமும் உதவி பெற்றது. ஆறு மாதம் கழிந்து அதே அரசாங்கம், அதே நாடுகளைக் கடலை விட்டு விலகி நிற்கக் கேட்டது. இதை முரண் என்று சொல்வோர் உண்டு. பிறர் தயவில் நிற்கும் வேதனையைச் சுவைத்ததனால் பிறந்த வேண்டுகோள் என்று நான் எண்ணுகிறேன்.

புறநானூறு படித்தவர்களுக்கு ஔவையார் தூது தெரியும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற அவர், அங்கே நெய் பூசி மாலை சூட்டி அடுக்கிய ஆயுதங்களைக் கண்டார். தம் அரசனுடைய வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தத் தூதருக்குப் பின்னால் அதியமானின் படை இருந்தது. அமரசிங்கவுக்குப் பின்னால் என்ன இருந்தது? சின்னஞ்சிறு கடற்படையும் தேயிலைப் பெட்டிகளுமே. கொல்லன் பட்டறையைக் காட்டி அஞ்சுவிக்க அவரால் இயலாது. சட்டத்தின் சொல் ஒன்றே அவர் ஏந்திய வேல்.

1972 டிசம்பரில் பதினைந்து நாடுகள் அடங்கிய தனிக்குழு அமைந்தது. அதற்கும் அவரே தலைவர். ஆனால் இடையூறு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வல்லரசுகள் வெளியேறினால் போதும் என்றது இந்தியா. வெளியார் போன பிறகு அண்டை வீட்டுப் பெரும்படையிடமிருந்து எங்களைக் காப்பவர் யார் என்பது பாகிஸ்தானின் கவலை. கரையோர நாடுகளின் படைபலத்துக்கும் அளவு வேண்டும் என்றது அது. மரபுவழி ஆயுதக் கட்டுப்பாட்டின் உயிர்நிலை இவ்விடத்தில்தான் உள்ளது. அணுகுண்டு சிலரிடமே உண்டு. அதை விலக்குவதில் பலர் ஒன்றுபடலாம். டாங்கியும் துப்பாக்கியும் எல்லோரிடமும் உண்டு. அயலானுடைய வேல் குறையுமுன் தன் வேலைக் கீழே வைக்க எவனும் முன்வருவதில்லை. ஆதலின் எண்ணுவதும், எண்ணியதை ஒருவர் மற்றவரிடம் சென்று சரிபார்ப்பதும் இன்றி இக்கட்டுப்பாடு நிலைக்காது. ஐரோப்பாவில் 1990இல் செய்த உடன்படிக்கை இவ்விரண்டையும் கொண்டிருந்தது. ஒவ்வோர் அணிக்கும் 20,000 டாங்கி என்று எல்லை வகுத்து, பரிசோதகரை அனுப்பி, ஆயிரமாயிரமாக ஆயுதங்களை உடைத்தார்கள். நம்பிக்கை தேய்ந்தபோது அதுவும் தேய்ந்தது. 2023இல் ரஷ்யா முற்றாக விலகிற்று. இந்து சமுத்திரத்திலோ எண்ணுவதற்கே இணங்கவில்லை.

ஒருமுறை கதவு சற்றுத் திறந்தது. 1977இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இச்சமுத்திரத்தில் தம் கடற்படைகளை மட்டுப்படுத்துவது பற்றி நேரடியாகப் பேசின. நான்கு சுற்றுப் பேச்சு நடந்தது. 1978இன் தொடக்கத்தில் எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் இடையே மூண்ட போரில் சோவியத் தலையிட்டது. அமெரிக்கா பேச்சை நிறுத்தியது. கதவு மூடிற்று. பின்னர் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்தது. டியாகோ கார்சியாவில் ஓடுபாதை நீண்டது. கொழும்பில் 1981இல் கூட்ட எண்ணியிருந்த மகாநாடு கூடவேயில்லை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்கு வல்லரசுகள் அத்தனிக்குழுவையும் விட்டு விலகின.

அமரசிங்க இதற்காகத் தளர்ந்து உட்காரவில்லை. 1973 டிசம்பரில் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மகாநாட்டுக்கு அவர் தலைவர். 1976இல் பொதுச்சபையின் முப்பத்தொன்றாவது கூட்டத்தொடருக்கும் தலைவரானார். கடற்சட்ட மகாநாட்டில் அவர் கையாண்ட முறை பொறுமையின் முறை. அவசரப்பட்டு வாக்கெடுப்பு நடத்தினால் வென்றவன் மகிழ்வான். தோற்றவன் சட்டத்தை மதியான். டிசம்பர் 16ஆம் நாளின் வெறுமையான வெற்றி இதனை அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எனவே இணக்கம் காணும்வரை பேசுவது. கண்ட இணக்கத்தை வரைவாக எழுதுவது. அவ்வரைவின்மேல் மறுபடி பேசுவது. கடற்கரையிலிருந்து 12 மைல் ஆட்சிக் கடல், 200 மைல் பொருளாதார வலயம், ஜலசந்திகளில் தடையற்ற வழி, ஆழ்கடல் பொதுச் சொத்து: இன்று உலகம் இயல்பாகக் கொள்ளும் இவையெல்லாம் அந்த மேசையில் வருடக்கணக்கில் உருண்டு திரண்டவை.

1977இல் கொழும்பில் ஆட்சி மாறியது. அதன் பின் அவர் இலங்கைத் தூதுக்குழுவில் இடம்பெறவில்லை. 1978இல் ஜெனீவாவில் மகாநாடு கூடியபோது, எந்த நாட்டுக்கும் பிரதிநிதியாக இல்லாத ஒருவர் தலைமை தாங்கலாமா என்ற வழக்கு எழுந்தது. தொடக்க நாட்கள் அதிலேயே கழிந்தன. இறுதியில் மகாநாடு அவரையே வைத்துக்கொண்டது. நாடு விட்டாலும் உலகம் விடாத மனிதர். நாடற்றவர் என்ற சொல்லைச் சுமந்து வளர்ந்த எனக்கு, நாட்டின் ஆணைச் சீட்டு இன்றியும் தலைமை நாற்காலியில் நிலைத்த அவருடைய நிலை ஒரு விசித்திரமான ஆறுதலைத் தந்ததுண்டு.

1980 டிசம்பர் 4ஆம் நாள் அவர் காலமானார். சட்டம் நிறைவேற இரண்டாண்டுகளே இருந்தன. சிங்கப்பூரின் டொமி கோ அந்தத் தலைமையை ஏற்று முடித்துவைத்தார். 1982 டிசம்பர் 10ஆம் நாள் ஜமைக்காவின் மொண்டிகோ பேயில் உடன்படிக்கை கையொப்பமாகி, 1994 நவம்பர் 16இல் அமுலுக்கு வந்தது. திறந்த பெருங்கடல் சமாதானக் காரியங்களுக்கே உரியது என்ற வாசகம் அதில் உண்டு. கடற்சட்டம் பயில்வோருக்கு ஐக்கிய நாடுகள் சபை அவர் பெயரால் ஒரு புலமைப்பரிசில் ஏற்படுத்தியது.

அவர் கேட்ட இரண்டு வேலிகளில் ஒன்று நின்றது, மற்றொன்று விழுந்தது. ஏன்? கடற்சட்டத்தில் மீன் பிடிப்பவனுக்கும் கப்பல் விடுபவனுக்கும் கடலடி தோண்டுபவனுக்கும் ஏதோ ஓர் இலாபம் இருந்தது. சமாதான வலயத்தில் வலியவனுக்கு இழப்பு மட்டுமே எழுதியிருந்தது. அயலவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. இன்னொரு குறையையும் நான் காண்கிறேன். கடலில் கப்பல்களைப் பற்றி அத்தீர்மானம் பேசியது. கரையில் குவியும் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசவில்லை. 1983க்குப் பின் இந்தத் தீவுக்குள் வந்திறங்கிய ஆயுதங்கள் வல்லரசுகளின் தளங்களிலிருந்து மட்டும் வந்தவையல்ல. அரசுக்கும் இயக்கங்களுக்கும் கப்பல் கப்பலாக விற்றவர் பலர். இருபத்தாறு ஆண்டு யுத்தத்தில் மாண்டவர்கள் அணுகுண்டால் மாளவில்லை. மரபுவழி என்று நாம் மரியாதையாகப் பெயரிட்ட ஆயுதங்களால் மாண்டார்கள். மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளை இன்னும் தோண்டுகிறோம். அவற்றைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில்தான்.

சாகோஸ் மக்களின் வழக்கும் முடியவில்லை. பிரிட்டன் அத்தீவுகளைப் பிரித்தெடுத்தது முறையன்று என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் செய்த உடன்படிக்கையிலும் டியாகோ கார்சியாவின் தளத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டிருக்கிறது. அப்பொழுதும் பேச்சு இரு அரசுகளுக்கு இடையே நடந்தது. தென்னந்தோட்டத்து மக்கள் வாசலில் நின்றார்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான். ஆயுதம் உடையவன் ஆயுதக் கட்டுப்பாட்டை மறந்தாலும் சிலகாலம் உயிரோடிருப்பான். ஆயுதமில்லாதவன் மறந்தால் அவனுக்கு வேறு காவலே இல்லை. செங்கடலில் 2023இன் இறுதியில் கப்பல்கள் தாக்கப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தபோது, கப்பற்கூலி ஏறியதைத் தேயிலை விற்பவர்கள் உணர்ந்தார்கள். கடலில் வேலி அறுந்தால் மலையில் உலை தாமதிக்கும். அதை அமரசிங்க அறிந்திருந்தார். மலையில் உள்ள மனிதரையும் அந்தக் கணக்கில் ஓரிடத்தில் எழுத வேண்டும் என்பதை அவருடைய காலத்து அரசுகள் அறியவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டியது அதுவே.

அன்று அம்மாணவன் வேறொன்றும் கேட்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து சென்று, சுவரில் தொங்கிய உலகப்படத்தில் நீலப் பரப்பின் நடுவே டியாகோ கார்சியாவை விரலால் தேடிக்கொண்டிருந்தான். அப்படத்தில் அது இல்லை. நான் ஒரு பென்சிலை எடுத்து அவ்விடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.